மண்ணுக்குள் புதைந்த வரலாறு: அதைப் படிக்க எங்கே சேரலாம்?

கீரமங்கலம் என்றதும் பூ நினைவுக்கு வரும்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் உள்ள கிராமங்களில் மல்லிகை, முல்லை, கனகாம்பரம் எல்லாம் விளைகின்றன. பறித்த பூ மூட்டை மூட்டையாகக் கீரமங்கலம் கமிஷன் கடைகளுக்கு வந்து சேருகிறது. அங்கிருந்து பஸ் ஏறி வெளியூர்களுக்குப் போகிறது.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு.

இங்கே மெய்நின்றநாதர் கோவில் இருக்கிறது. அங்கே 81 அடி உயரத்தில் சிவபெருமான் சிலை நிற்கிறது. நக்கீரருக்கும் சிலை உண்டு. கீரமங்கலம் என்ற பெயரே நக்கீரரால் வந்தது என்று ஊரார் சொல்கிறார்கள்.

நக்கீரர் கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டை எழுதியவர் சிவபெருமானே ஆனாலும் பிழை பிழைதான் என்று வாதாடியவர் அவர்.

புதைபொருள் ஆராய்ச்சிக்கு அந்தக் குணம்தான் வேண்டும்!

சொன்னவர் பெரியவரா, சிறியவரா என்று அது பார்க்காது. "சாட்சி என்ன?" என்று கேட்கும்.

அந்தச் சாட்சி கீரமங்கலத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. வில்லுனி ஆற்றங்கரையில், மங்களநாடு அருகே அம்பலத்திடல் என்று ஓர் இடம். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகள் அங்கே இருக்கின்றன. ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் சிவப்புமான பானை ஓடுகள் மண்ணுக்கு மேலேயே கிடக்கின்றன.

ஆடு மேய்க்கப் போகிற சிறுவனும் அந்த ஓட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போகிறான். அதைக் குனிந்து எடுத்து, "இது யார் செய்த பானை?" என்று கேட்கிற பிள்ளையும் அதே ஊரில் பிறக்கிறது.

அப்படிக் கேட்கிற பிள்ளையை எங்கே படிக்க வைப்பது? என்ன படிக்க வைப்பது?

பல குடும்பங்களுக்கு விடை தெரியாத கேள்வி இது.

"குழி வெட்டவா படிப்பு?"

ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகள் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறாள்.

"அம்மா, நான் தொல்லியல் படிக்கப் போகிறேன்" என்கிறாள்.

"அது என்னடி படிப்பு?"

"பழைய காலத்து ஊர்களைத் தோண்டிப் பார்க்கிற படிப்பு."

"குழி வெட்டவா காலேஜுக்குப் போகணும்? நம்ம தென்னந்தோப்பில் வெட்டாத குழியா?"

அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. விடை சொல்லவேண்டியது நம் கடமை.

தென்னங்கன்றுக்கு வெட்டுகிற குழியில் மண்ணை அள்ளி வெளியே போட்டால் வேலை முடிந்தது. ஆராய்ச்சிக் குழியில் அப்படி அள்ளிப் போட்டால் எல்லாம் கெட்டது!

நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரிப்பார்கள். சிறு கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குவார்கள். மண்ணின் நிறம் மாறும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். எந்தப் பொருள் எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது என்று எழுதுவார்கள். படம் வரைவார்கள். போட்டோ எடுப்பார்கள்.

ஏன் இத்தனை சிரமம்?

குலையாத மண்ணில், கீழே இருப்பது பழையது. மேலே இருப்பது புதியது. ஒரு பானை ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதன் காலம் தெரியும். எடுத்த இடம் தெரியாத ஓடு, தேதி இல்லாத கடிதம் போன்றது.

சிவகங்கை மாவட்டம் கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மத்திய தொல்லியல் துறை 2014-ம் ஆண்டு தோண்டத் தொடங்கியது. பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றை அமெரிக்காவில் உள்ள சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். அதன் காலம் கி.மு. 580 என்று விடை வந்தது. 2019-ம் ஆண்டில் அரசு அதை வெளியிட்டது.

கரித்துண்டு எப்படி வயதைச் சொல்கிறது?

மரம் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து ஒரு தனி வகைக் கார்பனையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. மரம் செத்த பிறகு அந்தக் கார்பன் சிறுகச் சிறுகக் குறையும். சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். மீதி எவ்வளவு என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். இந்த முறையைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி லிப்பிக்கு 1960-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

353 சென்டிமீட்டர் என்ற அந்தக் கணக்கை ஒருவர் குழியில் நின்று அளந்து எழுதினார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் கரித்துண்டு வெறும் அடுப்புக் கரிதான்!

அதற்குத்தான் படிப்பு.

பட்டம் இல்லாதவர்கள் சாதித்த காலம்

ஒரு காலத்தில் இதற்குப் பட்டம் தேவைப்படவில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பல்லாவரத்தில், 1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது கற்கால மனிதன் செதுக்கிய ஆயுதம். இந்தியாவின் பழங்கற்கால வரலாறு அந்தக் கல்லில்தான் தொடங்கியது. பூட் செய்துவந்த வேலை நிலவியல். அதாவது பாறைகளையும் மண்ணையும் ஆராய்வது.

எகிப்து நாட்டில் 1922-ம் ஆண்டு துட்டன்காமன் என்ற இளவயது அரசனின் கல்லறையைக் கண்டுபிடித்தவர் ஹோவர்டு கார்ட்டர். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. 17 வயதில் படம் வரையும் வேலைக்காக எகிப்துக்குப் போனவர்.

தமிழ் பிராமி எழுத்துக்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார் ஐராவதம் மகாதேவன். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி.

அந்தக் காலம் வேறு. இன்று அரசுத் துறையிலோ, பல்கலைக்கழகத்திலோ, அருங்காட்சியகத்திலோ இந்த வேலைக்குப் போகப் பட்டம் வேண்டும். அதுவும் பொருத்தமான பட்டம் வேண்டும்.

"பொருத்தமான" என்ற அந்த ஒரு சொல்லில்தான் பல பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் படி: எந்தப் பட்டம்?

பிளஸ் டூ முடித்ததும் தொல்லியலிலேயே பி.ஏ. சேரும் வாய்ப்பு தமிழ்நாட்டில் அரிது. பெரும்பாலோர் முதலில் வேறு பாடத்தில் இளங்கலை முடித்து, பிறகு எம்.ஏ.வில் தொல்லியலுக்கு வருகிறார்கள்.

எந்தப் பாடம் நல்லது?

வரலாறு படித்தால் வழி நேராக இருக்கும்.

தமிழ் இலக்கியம் படித்தால் கல்வெட்டு ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கும். சமஸ்கிருதமும் உதவும். தமிழ்நாட்டு அரசு தொல்லியல் துறையில் 1966 முதல் 1988 வரை இயக்குநராக இருந்த இரா. நாகசாமி சமஸ்கிருதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர்.

விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு இடம் இல்லையா?

உண்டு! தாராளமாக உண்டு!

பானைக்குள் கிடைத்த நெல் எந்த வகை என்று சொல்லத் தாவரவியல் தெரியவேண்டும். எலும்பு மாட்டினுடையதா, மானுடையதா என்று சொல்ல விலங்கியல் வேண்டும். துருப்பிடித்த இரும்பைக் கெடாமல் காக்க ரசாயனம் வேண்டும். பழைய ஆறு எந்த வழியில் ஓடியது என்று சொல்ல நிலவியல் வேண்டும்.

பழனிக்கு அருகே பொருந்தல் என்ற ஊரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடந்தது. ஒரு கல்லறையில் நெல் நிறைந்த பானை கிடைத்தது. அந்த நெல்லைச் சோதித்ததில் கி.மு. 490 என்று காலம் தெரிந்தது. அதே கல்லறையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மண்பாண்டமும் இருந்தது. எழுத்தின் வயதை நெல் சொல்லிவிட்டது!

ஆகவே விஞ்ஞானம் படித்த பிள்ளை, "நான் வரலாறு படிக்கவில்லையே" என்று கலங்க வேண்டாம். ஆனால் தான் சேர விரும்பும் எம்.ஏ. வகுப்பில் எந்தெந்தப் பட்டதாரிகளைச் சேர்க்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ் விட்டுப்போன அறிவிப்பு

அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? 2020-ம் ஆண்டு நடந்த சம்பவம் அதைச் சொல்லும்.

டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் மத்திய தொல்லியல் துறை ஒரு கல்வி நிலையம் நடத்துகிறது. பண்டித தீனதயாள் உபாத்தியாயா தொல்லியல் நிலையம் என்று பெயர். எம்.ஏ. முடித்தவர்களுக்கு அங்கே இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வது சிலரைத்தான்.

அந்த ஆண்டு வெளிவந்த அறிவிப்பில், வரலாறு, தொல்லியல் போன்ற பாடங்களில் எம்.ஏ. படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. செம்மொழிகளில் எம்.ஏ. படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபு, பாரசீகம் ஆகிய மொழிகள் அதில் இருந்தன.

தமிழ் இல்லை!

இந்தியாவில் மத்திய அரசு முதன்முதலாகச் செம்மொழி என்று அறிவித்த மொழி தமிழ். அது 2004-ம் ஆண்டு நடந்தது. கல்வெட்டுகளை ஏராளமாகக் கொண்ட மொழியும் தமிழ். ஆனாலும் தமிழில் எம்.ஏ. படித்த பிள்ளை அந்த வாசலில் நுழைய முடியாத நிலை ஏற்பட்டது.

தமிழ்நாட்டில் கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்ப்புக் கிளம்பியது. அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் மாதத்திலேயே அறிவிப்பு திருத்தப்பட்டது. தமிழும், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா மொழிகளும் சேர்க்கப்பட்டன.

நல்லவேளை, திருந்தியது. ஆனால் பெற்றோர்கள் இதில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

பட்டம் வாங்கிய பிறகு விதியைப் படிக்கக்கூடாது. விதியைப் படித்த பிறகுதான் பட்டத்தில் சேரவேண்டும்!

எங்கே படிக்கலாம்?

கீரமங்கலத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது தஞ்சாவூர்.

அங்கே 1981-ம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கல்வெட்டியலும் தொல்லியலும் சேர்ந்த துறை அங்கே இருக்கிறது. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 1985-ம் ஆண்டு முதல் இந்தப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. இரும்பு உருக்கியதற்கும், கல்மணி செய்ததற்கும் அங்கே தடயங்கள் கிடைத்தன.

2006-ம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஒரு கல், மாடு பிடிக்கும் சண்டையில் இறந்த வீரனைப் பற்றிப் பேசுகிறது. அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் இந்தப் பல்கலைக்கழகத்தார். அதில் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பங்கு உண்டு. பிறகு புதுக்கோட்டைக்கு அருகே பொற்பனைக்கோட்டையிலும் அப்படி ஒரு நடுகல் கிடைத்தது.

அடுத்தது சென்னை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது. திருச்சி உறையூரில் 1960-களில் அகழாய்வு நடத்தியது இந்தப் பல்கலைக்கழகம்தான். பேராசிரியர் டி.வி. மகாலிங்கம் தலைமை வகித்தார்.

மூன்றாவது, அரசாங்கமே நடத்தும் படிப்பு.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1961-ம் ஆண்டு பிறந்தது. எம்.ஏ. முடித்தவர்களுக்கு அந்தத் துறையே பட்டயப் படிப்பு நடத்திவருகிறது. கல்வெட்டு வாசிப்பு, அகழாய்வு, அருங்காட்சியகப் பணி எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சேருகிற மாணவர்களுக்கு மாத உதவித்தொகையும் அளிக்கப்பட்டு வந்திருக்கிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளி மாநிலம் போகத் துணிந்தவர்களுக்குப் புனாவில் டெக்கான் கல்லூரி இருக்கிறது. 1821-ம் ஆண்டில் வேர் கொண்ட பழைய நிலையம் அது. 1939-ம் ஆண்டு ஆராய்ச்சி நிலையமாக மாறியது. அந்த ஆண்டிலேயே பேராசிரியர் எச்.டி. சங்காலியா அங்கே சேர்ந்தார். இனாம்காவ் என்ற கிராமத்தில் 1968 முதல் 1983 வரை அகழாய்வு செய்து, அந்தக் காலத்து உழவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அந்த நிலையம் எடுத்துக்காட்டியது. விதை, எலும்பு ஆகியவற்றை ஆராயும் சோதனைச்சாலைகளுக்குப் பெயர் பெற்ற இடம்.

பரோடாவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950-ம் ஆண்டு முதல் தொல்லியல் துறை இருக்கிறது. பி.ஏ. வகுப்பிலேயே தொல்லியல் படிக்க விரும்புகிறவர்கள் அங்கே விசாரிக்கலாம். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு.

தூரம் போனால் மொழி மாறும், செலவு கூடும். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளை இளங்கலை படிக்கும்போதே ஆங்கிலத்தைப் பழகிக்கொள்வது நல்லது.

பெயரைக் கேட்காதீர்கள், குழியைக் கேளுங்கள்!

இவற்றில் எது சிறந்தது?

"பெயர் பெற்ற இடத்தில் சேர்த்துவிடு" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது அரை விடை.

நீச்சலைக் கரும்பலகையில் கற்றவன் குளத்தில் மூழ்குவான். தொல்லியலும் அப்படித்தான். புத்தகத்தில் மட்டும் படித்தவர் குழிக்குள் இறங்கினால் திகைப்பார். ஆகவே எந்த இடத்தில் சேருவதற்கு முன்பும் ஏழு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: மாணவர்களை அகழாய்வுக்கு அழைத்துப் போகிறீர்களா? போன ஆண்டு எத்தனை நாள் போனார்கள்? எந்த ஊருக்கு?

"அழைத்துப் போவோம்" என்ற பதில் போதாது. ஊர்ப் பெயரும் நாள் கணக்கும் வேண்டும்.

இரண்டு: தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகிய பழைய எழுத்துக்களைச் சொல்லித் தருகிறீர்களா? கல்வெட்டைக் காகிதத்தில் மைப்படி எடுக்கப் பழக்குகிறீர்களா?

மூன்று: சோதனைச்சாலை இருக்கிறதா? நிலத்தை அளக்கும் கருவிகளையும், கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவதையும் மாணவர் தம் கையால் செய்து பழகுகிறார்களா?

நான்கு: ஆசிரியர்கள் எத்தனை பேர்? அவர்கள் தோண்டிய இடங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறார்களா?

தோண்டிவிட்டு அறிக்கை எழுதாதது, பரீட்சை எழுதிவிட்டுத் தாளைக் கொடுக்காமல் வருவது போன்றது.

ஐந்து: பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும்? "வரலாறு" என்றா, "தொல்லியல்" என்றா, இரண்டும் சேர்த்தா? பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா?

ஆறு: மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

ஏழு: கட்டணம் எவ்வளவு? விடுதி உண்டா? உதவித்தொகை உண்டா? வெளியூர் அகழாய்வுக்குப் போனால் செலவு யாருடையது?

இந்தக் கேள்விகளை ஆசிரியரிடம் கேட்கலாம். அங்கே படிக்கிற மாணவரிடமும் கேட்கலாம். இருவர் சொல்லும் பதிலும் ஒத்துப்போனால் நம்பிச் சேரலாம்.

பெண் பிள்ளைகள் போகலாமா?

தாராளமாகப் போகலாம். தமிழ்நாட்டு அகழாய்வுக் குழிகளில் பெண் ஆராய்ச்சியாளர்கள் வேலை செய்கிறார்கள். மண்ணை அள்ளும் உள்ளூர்ப் பெண்களின் கூர்மையான கண்ணுக்குத் தப்பாமல் எத்தனையோ மணிகள் கிடைக்கின்றன.

ஆனால் வெளியூரில் தங்கி வேலை செய்யும் படிப்பு இது. பெண்கள் தங்க என்ன ஏற்பாடு, கழிப்பறை இருக்கிறதா, உடன் வரும் ஆசிரியர் யார் என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. நல்ல துறையாக இருந்தால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

வேலை கிடைக்குமா?

உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்.

டாக்டர், என்ஜினீயர் படிப்பைப் போல இதில் இடங்கள் நிறைய இல்லை. மத்திய தொல்லியல் துறையின் அதிகாரிப் பதவிகள் சிலவற்றுக்கு யு.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கிறார்கள். மாநிலத் துறைப் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும். ஆண்டுதோறும் வரும் என்று நம்பியிருக்க முடியாது. கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் "நெட்" தேர்வு எழுதலாம். அதில் தொல்லியல் தனிப் பாடமாகவே இருக்கிறது.

அருங்காட்சியகம், கோவில் பாதுகாப்பு, சுவடி பாதுகாப்பு, சுற்றுலா ஆகிய துறைகளும் உண்டு. பி.எட். முடித்து வரலாற்று ஆசிரியராகப் போகிறவர்களும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர்களே ஊர் ஊராக நடந்து கல்வெட்டுகளையும் தாழிகளையும் வெளி உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். பி.ஏ. மூன்று ஆண்டு, எம்.ஏ. இரண்டு ஆண்டு; பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டு. ஆக ஏழு ஆண்டு. அதுவரை வீடு தாங்குமா? தாங்காது என்றால், எம்.ஏ. முடித்ததும் கை கொடுக்க வேறு வழி ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசையைக் கணக்கு கொல்லாது. கணக்குப் போடாத ஆசைதான் பாதி வழியில் நிற்கும்.

கல்லூரிக்கு முன்னே ஒரு பள்ளிக்கூடம்

இந்தப் படிப்பு பிள்ளைக்கு ஒத்துவருமா என்று சேருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். அதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சமஸ்தான காலத்தில், 1910-ம் ஆண்டு தொடங்கியது. ஒரு நாள் முழுவதும் அங்கே செலவிடலாம்.

சித்தன்னவாசலுக்குப் போகலாம். ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. அங்கே தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஓர் எழுத்தையாவது படிக்க ஆசை வருகிறதா என்று பிள்ளையைக் கேளுங்கள்.

பொற்பனைக்கோட்டைக்குப் போகலாம். பழங்காலத்துக் கோட்டை மதிலின் மேடு இன்னும் தெரிகிறது. 2021-ம் ஆண்டு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு நடத்தியது. 2023-ம் ஆண்டு மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. அப்போது தங்க மூக்குத்தி கிடைத்தது.

வெயிலில் நடந்து, ஓட்டையும் கல்லையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, "கால் வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசிக்கலாம். "மறுபடியும் எப்போது போகலாம்?" என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பார்த்த இடம், தேதி, கேட்ட செய்தி, கண்ட பொருள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஊரார் சொன்னது ஒரு பக்கம். கண்ணால் கண்டது எதிர்ப் பக்கம். இரண்டையும் கலக்காமல் எழுதப் பழகினால் பாதி தொல்லியல் படித்தது போலத்தான்.

தோண்டக்கூடாது!

ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தில் யாரும் தாமாகத் தோண்டக்கூடாது.

பொக்லைன் ஒரு தாழியை ஒரு நொடியில் நொறுக்கிவிடும். கையில் எடுத்துக்கொண்டு வந்த ஓடும் இடம் தவறிப் பயன் இழந்துவிடும். ஒரு முறை கலைந்த மண்ணை மறுபடி அடுக்க எந்தப் பேராசிரியராலும் முடியாது.

சட்டமும் இருக்கிறது. மண்ணில் மறைந்திருக்கும் பொருள், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால், கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1878-ம் ஆண்டு முதல் இருக்கும் புதையல் சட்டம் இது.

தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ பெரிய பானையின் வாய் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இருக்கிற இடத்திலேயே போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ, தாசில்தாரிடமோ சொல்லுங்கள்.

இப்படிச் செய்யும் ஊரில், படித்துவிட்டுத் திரும்பி வரும் பிள்ளைக்கு ஆராய ஏதாவது மிஞ்சியிருக்கும்.

விண்ணப்பம் போடும் முன்...

கடைசியாகச் செய்யவேண்டியவை மூன்றுதான்.

சேர நினைக்கும் இடத்தின் இந்த ஆண்டு அறிவிப்பை வாங்கி வரிக்கு வரி படியுங்கள். போன ஆண்டு விதி இந்த ஆண்டு மாறியிருக்கலாம்.

பிள்ளை பிற்காலத்தில் போக நினைக்கும் பதவிக்கு வந்த பழைய அறிவிப்பு ஒன்றையும் வாங்குங்கள். அதில் கேட்டிருக்கும் பட்டமும், சேரப்போகும் பட்டமும் பொருந்துகின்றனவா என்று ஒத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு முறையாவது அந்தத் துறைக்கு நேரில் போய்ப் பாருங்கள். வகுப்பறையைப் பார்த்த பிறகு, "மாணவர்கள் தோண்டிய குழியின் படங்களைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

காட்டினால் சேருங்கள்.